இருநூறு கண்கள் பார்க்க வேண்டும்

2019 ஏப்ரலில் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் அலிகோ டாங்கோட்டே தன் பழைய கதை ஒன்றைச் சொன்னார். நைஜீரியர்; ஆப்பிரிக்காவின் முதல் பணக்காரர் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை ஆண்டுதோறும் பட்டியலிடும் மனிதர். ஒரு நாள் வங்கிக்குப் போய் 1 கோடி டாலரை ரொக்கமாக எடுத்தாராம். கார் டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் அறையில் வைத்து, பார்த்துக்கொண்டே இருந்தாராம். தன்னிடம் பணம் இருக்கிறது என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்ததாம். மறுநாள் அத்தனையையும் வங்கியில் திருப்பிக் கட்டிவிட்டார்.

டாங்கோட்டே பகட்டுக்குப் பேர்போனவர் அல்ல. சிமென்டும் சர்க்கரையும் விற்றுச் சம்பாதித்தவர், வடக்கே கானோவின் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். அப்படிப்பட்டவருக்கே கணக்கில் இருக்கும் எண் போதவில்லை. கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தார். அவர் நாட்டில் பெரும்பாலோர் கதவைத் திறந்துவைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

தென்மேற்கில் பேசப்படும் யோருபா மொழியில் பிரபலமானவரைக் குறிக்க 'க்பாஜுமோ' என்றொரு சொல் உண்டு. 'இருநூறு கண்கள் அறிந்தவர்' என்று அதற்குப் பொருள் விரிப்பார்கள். இருநூறு என்பது அங்கே கணக்கல்ல, ஏராளம் என்பதற்கான எண். நாம் 'ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள்' என்கிறோமே, அதுபோல. அந்தச் சொல் அவருடைய திறமையைப் பற்றியோ சாதனையைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. எத்தனை கண்கள் என்பதுதான் அதற்குக் கணக்கு.

நைஜீரியாவின் ஆடம்பரத்தைப் பற்றி வெளியிலிருந்து எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: எண்ணெய்ப் பணம் தலைக்கேறிவிட்டது, அல்லது, பட்டினிக்கு நடுவே வெட்கங்கெட்ட படாடோபம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே காட்டுகிறவரை மட்டும்தான் பார்க்கின்றன. பார்க்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. கையில் காசில்லாத ஒருவர் இன்னொருவரின் காரையும் கடிகாரத்தையும் ஏன் அவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார்? அந்தப் பார்வைக்கு என்ன கூலி?

இதைப் புரிந்துகொள்ள, நாட்டின் மிகப் பெரிய நகரான லாகோஸின் சனிக்கிழமையில் இருந்து தொடங்கலாம்.

லாகோஸில் சனிக்கிழமை என்றால் ஓவாம்பே, அதாவது ஊர்கூடிய விருந்து. கல்யாணம், குழந்தைக்குப் பெயர் வைப்பது, ஐம்பதாவது பிறந்தநாள், புதுமனை, வயதானவரின் சாவு என்று எதற்கும் ஓவாம்பே உண்டு. சாவுக்கா என்று கேட்க வேண்டாம். நாம் 'கல்யாணச் சாவு' என்று பேச்சுக்குச் சொல்வதை அவர்கள் அட்சரம் பிசகாமல் நடத்திக்காட்டுவார்கள். தெருவை மறித்துப் பந்தல் விழும். இசைக்குழு வரும். விறகடுப்பில் ஜொலொஃப் சோறு வேகும். பெண்கள் தலையில் கோபுரம்போல் துணி கட்டியிருப்பார்கள்.

துணி என்றதும் 'அசோ ஏபி'யைச் சொல்லிவிட வேண்டும். குடும்பத் துணி என்று பொருள். விழா நடத்துபவர் ஒரு துணியைத் தேர்ந்தெடுத்து, விலை வைத்து, உறவுக்கும் நட்புக்கும் விற்பார். அதை வாங்கித் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தால்தான் நீங்கள் அவர் பக்கத்து ஆள். வாங்காதவருக்குச் சோறு கடைசியில் வரலாம். விழாக்காரரின் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் வாளியோ கிண்ணமோ வராமலே போகலாம். சீருடை அணிந்த கூட்டம்தான் விழாக்காரரின் முதல் சொத்து. ஒரே நிறத்தில் நூறு பேர் எழுந்து நடந்து வரும்போது, இவர் பின்னால் எவ்வளவு ஆள் பலம் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அழைக்காமல் வருகிறவர்களுக்கும் அங்கே பெயர் உண்டு: 'மோ க்போ மோ யா'. கேள்விப்பட்டேன், வந்துவிட்டேன் என்று அர்த்தம். அவர்களைக் கேலி செய்வார்கள், ஆனால் பெரிதாக விரட்ட மாட்டார்கள். பந்தல் காலியாக இருந்தால் யாருக்கு அவமானம்?

அப்புறம்தான் உச்சக்கட்டம். விழாக்காரர் ஆடத் தொடங்குவார். விருந்தினர்கள் ஆடிக்கொண்டே அருகில் போய், நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் நெற்றியிலும் தோளிலும் ஒட்டுவார்கள், தலைக்கு மேல் உதிர்ப்பார்கள். 'ஸ்ப்ரே' பண்ணுவது என்று இதற்குப் பெயர். வடக்கே ஹௌசாக்கள் 'லிக்கி' என்பார்கள். இதில் 'ஒவ்வொன்றாக' என்பதுதான் முக்கியம். ஒரு லட்சம் நைராவை உறையில் வைத்துக் கொடுத்தால் அரை நிமிட வேலை. அதையே இருநூறு நைரா நோட்டுகளாக மாற்றினால் 500 நோட்டு. ஐந்நூறு தடவை கையை உயர்த்தலாம், ஐந்நூறு தடவையும் கூட்டம் பார்க்கும். அதனால்தான் விழா வாசலில் புது நோட்டுக் கட்டுகளைக் கமிஷனுக்கு மாற்றிக்கொடுக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். கீழே விழும் நோட்டைப் பொறுக்கிப் பையில் போட விழாக்காரரின் ஆள் ஒருவர் காலடியில் குனிந்தபடியே திரிவார். கொடையாளியும் பாடகரும் படத்தில் விழுவார்கள், பொறுக்குகிறவர் விழ மாட்டார்.

பாடகருக்கு இங்கே தனி வேலை இருக்கிறது. எபனேசர் ஓபே, கிங் சன்னி ஆடே காலத்து ஜுஜு இசையிலும், அதன் பின் ஃபூஜி இசையிலும், பாட்டின் நடுவே பணக்காரர்களின் பெயரும் குலப்பெருமையும் வந்துகொண்டே இருக்கும். நெற்றியில் நோட்டு ஒட்டியவரின் பெயர் அடுத்த அடியில் வரும். இது இசைக்குழுக்கள் கண்டுபிடித்த வியாபார தந்திரம் இல்லை. 'ஓரிகி' என்ற புகழ்மொழி மரபு யோருபா ஊர்களில் மிகப் பழையது. ஆளுக்கு, குலத்துக்கு, ஊருக்கு, தெய்வத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிகி உண்டு. அந்த மரபில் புகழ் என்பது செல்வத்தின் அலங்காரம் கிடையாது, செல்வத்தின் ஒரு பாகம். மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். நிலம் தாராளமாக இருந்தது, உழைக்கவும் சண்டையிடவும் ஆட்கள்தான் அரிது. ஆகவே பெரிய மனிதர் என்றால் எத்தனை ஏக்கர் என்று கேட்கவில்லை. வாசலில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். பணத்தைப் பூட்டி வைத்தவர் பணக்காரர், அவ்வளவுதான். அதை ஆட்களாக மாற்றியவர்தான் பெரியவர்.

சரி, இது பழைய வேர். ஆனால் இன்று நாம் பார்க்கும் வேகமும் வெறியும் அந்த வேரிலிருந்து மட்டும் வந்ததல்ல. அதற்கு 1970-களுக்குப் போக வேண்டும்.

1956-இல் ஓலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போர். கிழக்கில் இக்போ மக்கள் தனி நாடாக அறிவித்த பயாஃப்ரா தோற்றது. போர் முடிந்ததும் அரசு ஒரு முடிவெடுத்தது: பயாஃப்ராவில் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் சரி, கையில் 20 பவுண்டு. ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தவருக்கும் அதே 20. ஒரு தலைமுறைக்கு இதைவிடக் கொடிய பாடம் இருக்க முடியுமா? வங்கிப் புத்தகத்தில் இருந்தது ஒரே உத்தரவில் ஆவியாகிவிட்டது. மிஞ்சியது யார்யாருக்குச் செய்திருந்தோம், யார் நம்மைக் கைதூக்கி விடுவார்கள் என்ற கணக்கு மட்டும். இக்போ வணிகர்கள் சிறுவர்களைக் கடையில் சேர்த்து, சில ஆண்டு வேலை வாங்கி, பிறகு முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தரும் முறையால்தான் அந்தச் சமூகம் மறுபடி எழுந்தது. இன்றைய பகட்டுக்கும் அந்த 20 பவுண்டுக்கும் நேர்கோடு போடுவது என் ஊகம்தான். ஆனாலும் இக்போ நாட்டில் ஒருவர் ஊரறியச் செலவழிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உத்தரவு நினைவுக்கு வருகிறது.

1973-இல் எண்ணெய் விலை பல மடங்கு எகிறியது. அதே ஆண்டு ஜனவரியில்தான் நைரா பிறந்திருந்தது. 1974-இல் உடோஜி குழுவின் பரிந்துரைப்படி அரசு ஊழியர் சம்பளம் தாறுமாறாக ஏறியது. நிலுவைத் தொகையும் மொத்தமாகக் கைக்கு வந்தது. அரசு சுமார் 2 கோடி டன் சிமென்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. லாகோஸ் துறைமுகம் ஆண்டுக்குக் கையாளக்கூடியது அதில் ஒரு சிறு பங்குதான். 1975-இல் நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் வரிசையில் நின்றன, காத்திருப்புக் கட்டணத்தை அரசு கட்டியது. கப்பல் சும்மா நின்றாலே காசு என்று தெரிந்ததும் இன்னும் சில கப்பல்கள் வந்து நின்றதாகவும் சொல்வார்கள். சிரிப்பு வந்தாலும், அந்தக் காலம் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது சிரிப்புக்குரியதல்ல. பணம் உழைப்பிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. எங்கோ பூமிக்கடியில் இருந்து அன்றைய தலைநகர் லாகோஸுக்கு வந்து, தெரிந்தவர்கள் வழியாகக் கீழே சொட்டியது. நைஜீரியர்கள் இதைத் 'தேசிய கேக்' என்பார்கள். கேக்கை யாரும் சுடுவதில்லை, வெட்டுவதோடு சரி. கத்தி யார் கையில் என்பதுதான் கேள்வி. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பளபளவென்று வந்து இறங்கினால், அதை ஒரு விளம்பரமாகவே படிக்க வேண்டும்: 'எனக்கு வழி தெரியும், என்னோடு சேருங்கள்.'

பார்க்கிறவரின் கூலி இங்கேதான் தெரிகிறது. அவர் ரசிக்கிறார், உண்மை. கூடவே கணக்கும் போடுகிறார். இந்த மனிதரால் என் மகனுக்கு வேலை வாங்கித்தர முடியுமா? மருத்துவமனையில் முன்பணம் கட்ட ஆள் இல்லாதபோது இவர் வாசலுக்குப் போகலாமா? காப்பீடு, கடன், ஓய்வூதியம், நீதிமன்றம் எதையும் நம்ப முடியாத இடத்தில், கண்ணுக்குத் தெரியும் பணக்காரர்தான் ஏழையின் காப்பீடு. மறைத்து வைக்கும் பணக்காரர் யாருக்கும் உதவாதவர், சந்தேகத்துக்குரியவரும்கூட.

இந்தப் பார்வையை அச்சில் ஏற்றிக் காசாக்கியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் டெலே மொமொடு, அபாச்சாவின் ராணுவ ஆட்சியில் நாட்டைவிட்டுத் தப்பி லண்டனில் இருந்தபோது, 1996-இல் 'ஒவேஷன்' என்ற வழவழப்பான படப் பத்திரிகையைத் தொடங்கினார். பக்கம் பக்கமாகக் கல்யாணமும் பிறந்தநாளும். அதில் படம் வருவது பல பேருக்குப் பட்டம் வாங்கியதுபோல. பத்து ஆண்டு கழித்து கிசுகிசு வலைப்பதிவுகள் வந்தன, அப்புறம் இன்ஸ்டாகிராம். இருநூறு கண்கள் இருபது லட்சமாயின.

2021 ஜூலையில் அனம்ப்ரா மாநிலத்தின் ஓபா என்ற ஊர் ஒரு வாரத்துக்கு நைஜீரிய இணையத்தையே பிடித்துக்கொண்டது. இரவு விடுதிகள் நடத்தும் ஓபி கியூபானா தன் தாயை அடக்கம் செய்தார். பாடகர்கள், நடிகர்கள், அரசியல்வாதிகள், வணிகர்கள் எல்லாம் திரண்டார்கள். அவர் நண்பரும் தொழில்வட்டத்து ஆளுமான கியூபானா சீஃப் பிரீஸ்ட் மட்டும் 46 மாடுகளைக் கொண்டுவந்தார். நோட்டுக் கட்டுகளைப் பிரிக்காமலே கல்லெறிவதுபோல் ஒருவர் மேல் ஒருவர் எறிந்த காணொளிகள் சுற்றின. ஒவ்வொன்றாக ஒட்டும் நளினமெல்லாம் போய்விட்டது என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சாவுச் செலவைக் கட்டுப்படுத்த அனம்ப்ரா மாநிலச் சட்டமன்றம் 2019-இல்தான் சட்டம் போட்டிருந்தது. உடலைச் சவக்கிடங்கில் இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது, தெருவை மறிக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள். கடன் வாங்கிச் சாவு நடத்தி நொடித்துப்போகும் குடும்பங்களுக்காக வந்த நல்ல சட்டம். ஓபாவில் அதை நினைத்தவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த மாடுகளைப் பற்றி நைஜீரியர்கள் பேசிக்கொண்டதில் ஒரு கூர்மை இருந்தது. இவை பரிசல்ல, பழைய கடனின் திருப்பம் என்றார்கள். ஓபி கியூபானா கைதூக்கி விட்ட ஆட்கள் அவர் வீட்டுக் காரியத்தில் வந்து நின்று கணக்கைத் தீர்த்தார்கள். இதற்கு முன் அவர் பெயரே கேட்டிராத பையன்கள், 'உன் நண்பர்கள் உன் தாய் சாவுக்கு எத்தனை மாடு கொண்டுவருவார்கள்?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கேலியாகத்தான். முழுக்கக் கேலியும் இல்லை.

காட்டுவதே சான்று என்றால், பொய்ச் சான்றும் சந்தைக்கு வரும். லாகோஸ் பேச்சுவழக்கில் இதற்கு 'ஆடியோ பணம்' என்று பெயர். காதுக்கு மட்டும் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. இரவல் கார், போலிக் கடிகாரம், வாடகைக்கு எடுத்த பங்களா முன்னால் படம். இதை வேவு பார்த்து அம்பலப்படுத்துவதே சிலருக்குப் பொழுதுபோக்கு. அப்படி 2017 வாக்கில் சில பாடகர்களின் கைக்கடிகாரம் போலி என்று இன்ஸ்டாகிராமில் வம்புக்கிழுத்த ஒருவர்தான் ஹஷ்பப்பி.

ரமோன் அப்பாஸ் என்பது இயற்பெயர். லாகோஸின் எளிய பகுதியில் வளர்ந்தவர். துபாயில் வெர்சாச்சே பெயர் தாங்கிய சொகுசுக் குடியிருப்பில் இருந்துகொண்டு, ரோல்ஸ் ராய்ஸ், தனி விமானம், குச்சி (Gucci) நிறுவனத்தின் விலையுயர்ந்த உடை என்று தினமும் படம் போட்டார். 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். தொழில்? நிலம், வீடு என்று எழுதியிருந்தார். 2020 ஜூனில் துபாய் போலீஸ் கைது செய்தபோது அவர் கும்பலிடம் சுமார் 4 கோடி டாலர் ரொக்கமும் 13 சொகுசுக் கார்களும் பிடிபட்டதாக அறிவித்தது. நிறுவனங்களின் மின்னஞ்சலுக்குள் புகுந்து பணத்தைத் திசைதிருப்பும் மோசடி. 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 11 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. அமெரிக்க எஃப்.பி.ஐ. தாக்கல் செய்த ஆவணத்தில் ஒரு சுவையான இடம் உண்டு. அவர் போட்ட பிறந்தநாள் கேக் படத்தையே பிறந்த தேதியை உறுதிசெய்யப் பயன்படுத்தியிருந்தார்கள். ரசிகர்கள் பார்க்கட்டும் என்று போட்டதை எஃப்.பி.ஐ.யும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கைதான பிறகும் பின்தொடர்ந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதை வைத்து 'நைஜீரியர்கள் திருட்டுப் பணத்தையும் கும்பிடுகிறார்கள்' என்று முடிவு கட்டுவது எளிது. கதையின் மறுபாதி அப்படி இல்லை. நைஜீரியத் திரைத்துறையான நாலிவுட்டின் தொடக்கம் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் 1992-ஆம் ஆண்டு இக்போ வீடியோ படம் எதைப் பற்றியது தெரியுமா? பணக்கார நண்பர்களைப் பார்த்து ஏங்கும் ஒருவன், அவர்களின் ரகசியக் கூட்டத்தில் சேர்ந்து, பணத்துக்காக மனைவியையே பலிகொடுக்கிறான். அவள் ஆவி அவனை விடுவதில்லை. ஒரு திரைப்படத் தொழிலே இந்தப் பயத்தின் மேல் எழுந்து நின்றது. திடீர்ப் பணத்தின் பின்னால் ரத்தம் இருக்கும் என்ற பயம்.

அந்தப் பயம் திரையோடு நின்றுவிடவும் இல்லை. 1996 செப்டம்பரில் இமோ மாநிலத் தலைநகர் ஒவெர்ரியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்ட செய்தி வெளியானதும் ஊர் கொந்தளித்தது. கொலையோடு தொடர்புடைய ஓட்டோகோட்டோ விடுதியை எரித்தார்கள். அதோடு, எப்படிச் சம்பாதித்தார்கள் என்று ஊருக்கு விளங்காத புதுப் பணக்காரர்களின் வீடுகளையும் கடைகளையும் தேடித்தேடிக் கொளுத்தினார்கள். முந்தின வாரம்வரை அதே வீடுகளில் விருந்து சாப்பிட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். வியப்பும் வெறுப்பும் இரண்டு வேறு மக்களிடம் இல்லை, ஒரே ஆளிடம் இருக்கின்றன. எந்த நாள் எது மேலே வரும் என்பது, பணக்காரர் எவ்வளவு பகிர்ந்தார் என்பதைப் பொறுத்தது.

அரசும் தன் பங்குக்கு இந்தச் சந்தேகத்தைக் கையில் எடுத்தது. 2020 வரை இயங்கிய 'சார்ஸ்' என்ற கொள்ளைத் தடுப்புப் போலீஸ் பிரிவு, நல்ல போன், மடிக்கணினி, சடைமுடி, கார் வைத்திருக்கும் இளைஞர்களை வழியில் மறித்து 'நீ யாஹூ பையன்தானே' என்று கேட்கும். யாஹூ பையன் என்றால் இணைய மோசடிக்காரன். மென்பொருள் எழுதிச் சம்பாதித்தேன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? பணம் பிடுங்குவார்கள், அடிப்பார்கள். 2017 ஜனவரி முதல் 2020 மே வரை 82 சித்திரவதை, கொலை போன்ற நிகழ்வுகளை ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. 2020 அக்டோபரில் வெடித்த எண்ட்சார்ஸ் போராட்டத்துக்கு இதுவே காரணம். பெரியவர்களுக்குப் பெருமையாக இருக்கும் பகட்டு, இளைஞர்களுக்குக் குற்றச்சாட்டு ஆனது.

2023-க்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. மே மாதம் பதவியேற்ற அன்றே அதிபர் டினுபு பெட்ரோல் மானியத்தை நிறுத்தினார். ஜூனில் நாணய மதிப்பைச் சந்தைக்கு விட்டார்கள். டாலருக்கு 460 நைராவாக இருந்தது அடுத்த ஆண்டே 1,500-ஐத் தாண்டியது. 2024 டிசம்பரில் பணவீக்கம் 34.8 சதவீதம். குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 30,000-லிருந்து 70,000 நைராவாக உயர்த்தினார்கள். விலைவாசி அதை உடனே தின்றுவிட்டது. அதற்கு முன்பே, 2022-இல், 13.3 கோடிப் பேர் கல்வி, மருத்துவம், வாழ்க்கைத் தரம் என்று பல பரிமாண வறுமையில் இருப்பதாக நாட்டின் புள்ளியியல் நிறுவனம் சொல்லியிருந்தது. காசில்லாத நிலைக்கு இளைஞர்கள் வைத்த பெயர் 'சாப்பா'. பேய் பிடித்ததுபோல் 'என்னைச் சாப்பா பிடித்திருக்கிறது' என்பார்கள்.

இந்த இடத்தில்தான் பிரபலம் அரசின் இடத்தில் வந்து உட்காருகிறார். 2021 நவம்பரில் பாடகர் டேவிடோ தன் வங்கிக் கணக்கு எண்ணை இணையத்தில் போட்டு, 'நான் உங்களுக்கு ஹிட் பாட்டுக் கொடுத்திருந்தால் அனுப்புங்கள்' என்ற தொனியில் நண்பர்களிடம் பணம் கேட்டார். சில நாட்களில் 20 கோடி நைரா சேர்ந்தது. இத்தனைக்கும் அவர் கோடீஸ்வரரின் மகன். தன் முதல் ஆல்பத்துக்கே 'பணக்காரர் பிள்ளை' என்று யோருபாவில் பெயர் வைத்தவர். ஊர் முணுமுணுக்கத் தொடங்கியபோது, தன் பங்கையும் சேர்த்து 25 கோடியை அனாதை இல்லங்களுக்கு அறிவித்தார். முணுமுணுப்பு அடங்கியது. பழைய பெரியவரின் இலக்கணம் அட்சரம் மாறாமல்: ஆட்களைக் கூட்டு, பணத்தைக் காட்டு, பிறகு பிரித்துக்கொடு.

பிரபலங்களின் பதிவுகளுக்குக் கீழே இன்றும் பத்து இலக்க எண்களாகக் குவிந்து கிடக்கும். வங்கிக் கணக்கு எண்கள்தான். 'ஆசா போடுங்கள்' என்று பிரபலம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆசா என்றால் கணக்கு எண். சிலர் பிரபலத்தின் முகத்தை உடம்பில் பச்சை குத்திக்கொண்டு படம் போட்டார்கள். பரிசு கிடைத்தவர்களும் உண்டு, திட்டு வாங்கியவர்களும் உண்டு. இதையெல்லாம் பைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. லாட்டரிச் சீட்டைவிட இதில் வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் நினைப்பதில் தவறென்ன?

எதிர்த்திசையிலும் பணம் ஓடுகிறது, அதுதான் விசித்திரம். நம் ஊர் பிக் பாஸ் போன்ற பிக் பிரதர் நைஜா நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும் போட்டியாளர்களுக்கு ரசிகர் கூட்டம் கார் வாங்கிக் கொடுக்கிறது, நோட்டுகளால் கோத்த பூங்கொத்து கொடுக்கிறது. 2020-இல் ஒரு போட்டியாளர் விதிமீறலுக்காக வெளியேற்றப்பட்டதும், ரசிகர்கள் 1 லட்சம் டாலர் இலக்கு வைத்து இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கினார்கள். தனியாக ஒருவரால் யாரையும் ஸ்ப்ரே பண்ண முடியாது. ஆயிரம் பேர் சேர்ந்தால் கார் கொடுக்கலாம், அந்தக் காணொளியில் தானும் இருக்கலாம். ஒரு நாளாவது கொடுக்கும் கை தன்னுடையது. அந்த நிகழ்ச்சியின் பரிசு 2017-இல் 2.5 கோடி நைரா. 2025-இல் 15 கோடி. ஆறு மடங்கு. டாலரில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏற்றம் கொஞ்சம்தான்.

எல்லோரும் இந்த ஆட்டத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 ஜனவரியில் 'நைஜீரியக் கஞ்சர்கள் சங்கம்' என்ற கேலி இணையத்தில் பரவி, ஆளாளுக்கு உறுப்பினர் அட்டை அச்சிட்டுக்கொண்டார்கள். ஒரே கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் கட்டுகிறேன், இரண்டு ஜோடி செருப்புப் போதும் என்று சொல்லிக்கொள்ளும் பீட்டர் ஓபி 2023 அதிபர் தேர்தலில் மூன்றாம் இடம் வந்தாலும் லாகோஸ் மாநிலத்தில் முதலிடம் பிடித்தார். கஞ்சத்தனத்தையும் காட்டித்தான் வாக்கு வாங்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஏழைகளிடமும் போட்டி உண்டு. மின்வெட்டுக்கு அஞ்சி வாங்கும் மிகச் சிறிய ஜெனரேட்டருக்கு மக்கள் வைத்த பெயர் 'பக்கத்து வீட்டானைவிட நான் மேல்'. இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடும். சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்கும்.

கடைசியாகச் சட்டத்தின் கதை. நைரா நோட்டின் மேல் ஆடுவது, மிதிப்பது, ஸ்ப்ரே பண்ணுவது எல்லாம் 2007-ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி குற்றம். குறைந்தது ஆறு மாதச் சிறை அல்லது 50,000 நைரா அபராதம், அல்லது இரண்டும். பதினைந்து ஆண்டுகள் அது தூங்கியது. 2022 டிசம்பரில் அரசு புது நோட்டு வெளியிட்டு, 2023 தொடக்கத்தில் பழைய நோட்டைச் செல்லாததாக்கப் போக, நாடெங்கும் மக்கள் தங்கள் காசை எடுக்க வங்கி வாசலில் நாள்கணக்கில் நின்றார்கள். அந்த வாரங்களில் லாகோஸின் ஒரு விருந்தில் நடிகை ஒருவர் அந்தப் புத்தம்புது நோட்டுகளை இறைத்து மிதித்து ஆடும் காணொளி வந்தது. அவர் கைதானதற்கு நோட்டின் புனிதம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. வரிசையில் நிற்பவர்கள் பார்த்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து ஆறு மாதச் சிறை, அல்லது 3 லட்சம் நைரா அபராதம் என்று தீர்ப்பு.

2024 ஏப்ரலில் பொருளாதாரக் குற்றங்களை விசாரிக்கும் ஆணையம் பாப்ரிஸ்கியைப் பிடித்தது. இணையத்தில் நாட்டின் மிகப் பேசப்பட்ட முகங்களில் ஒன்று. சில விழாக்களில் மொத்தம் 4,90,000 நைராவை இறைத்ததாகக் குற்றச்சாட்டு. அன்றைய மதிப்பில் சுமார் 400 டாலர். பொதுப்பணத்தை அள்ளியவர்கள் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கும் நாட்டில், ஒரே வாரத்தில் தீர்ப்பு வந்தது: ஆறு மாதச் சிறை, அபராதமாக மாற்ற வழியில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட பாப்ரிஸ்கி நீதிபதியிடம் வைத்த வேண்டுகோளில் வருத்தத்தோடு ஒரு பேரமும் இருந்தது. எனக்கு இந்தச் சட்டம் தெரியாது, என்னை 50 லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள், வாய்ப்புக் கொடுத்தால் அவர்களுக்கு நைராவை மதிக்கக் கற்றுக்கொடுப்பேன் என்றார். பேரம் படியவில்லை.

ஐந்து நாள் கழித்து அதே குற்றச்சாட்டில் கூண்டில் ஏறியவர் ஓபாவுக்கு 46 மாடு கொண்டுபோன கியூபானா சீஃப் பிரீஸ்ட். அவர் குற்றத்தை மறுத்தார், ஜாமீனில் வெளியே வந்தார். இரண்டு மாதத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அரசுக்கு 1 கோடி நைரா கட்ட வேண்டும். தன் சமூக ஊடகப் பக்கங்களில், பின்தொடர்பவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, நோட்டை இறைக்காதீர்கள் என்று பிரசாரம் செய்ய வேண்டும்.